நெறஞ்சாச்சு

பலகை காய்ந்துதான் இருந்தது. தட்டினால் சத்தம்தான் சரியில்லை.

ஞானசிங் விரல் முட்டியை மடக்கி இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். பழைய மரம் வாங்குகிறவனுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். உளுத்த மரம் ஒரு மாதிரி சத்தம் போடும், வைரம் பாய்ந்த மரம் வேறு மாதிரி. ஷெட்டுச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த அயினிப் பலகைகளில் மேலே தட்டினால் டங் என்று தெளிவாகக் கேட்டது. அப்படியே தட்டிக்கொண்டு கீழே இறங்கினால், முழங்கால் உயரத்துக்கு வந்ததும் சத்தம் செத்துப்போனது. தொப். அரிசி மூட்டையில் கைவைத்த மாதிரி. பக்கத்துப் பலகையிலும் அதே உயரத்தில்தான் சத்தம் மாறியது. அதற்கு அடுத்ததிலும்.

ஒரு விரல் கனம்கூட இல்லாத பலகைகள். அவற்றுக்குப் பின்னால் வெறும் காற்று.

"என்னண்ணே, கதவத் தட்டுதியளா? உள்ள ஆரு இருக்கா?" ஷெட்டின் மறுகோடியில் இழைப்பு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த பிரபின் கேட்டான். அவன் கூட்டாளி. மெஷின் வேலை அவனுடையது, கை வேலை இவருடையது.

"அடியில ஈரம் கெட்டியிருக்குலே."

"இந்த வெயில்ல ஏது ஈரம்? ஒங்க காதுலதான் மரப்பொடி கெட்டியிருக்கு. ஷைஜாக்கா வந்ததும் மொதல்ல அத எடுக்கச் சொல்லணும்."

ஞானசிங் சிரிக்கவில்லை. சத்தம் மாறுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, மண்ணெண்ணெயில் கை கழுவப் போனார். வெளியே ரப்பர் மரங்களுக்குள் சீவிடுகள் கத்த ஆரம்பித்திருந்தன. காலையிலிருந்து நின்ற கால்கள் கடுத்தன. அவருக்கு இப்போதெல்லாம் எதற்கும் வியப்பு வருவதில்லை. அலுப்புதான் வருகிறது.

மறுநாள் காலையில் அந்தக் கோட்டுக்கு மேலே தட்டிப் பார்த்தார். தொப். தொடை உயரம் வரைக்கும் தொப்.

அந்தப் பலகைகள் தோவாளைப் பக்கத்தில் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்தவை. வயலெல்லாம் பிளாட்டாகிப் போன ஊர். வீட்டுக்காரர்கள் எல்லாரும் சென்னையில். கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாவற்றையும் வேறு ஆட்கள் பேசி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நெல் கொட்டிவைக்கிற பத்தாயம் மட்டும் இருட்டறையில் கிடந்தது. ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம், நாலு பேர் படுக்கலாம், அவ்வளவு பெரிய மரப்பெட்டி. அதன் நீளப் பலகைகளைப் பார்த்த மாத்திரத்தில் ஞானசிங்குக்குக் கட்டில் தெரிந்துவிட்டது. மனைவி ஷைஜாவுக்கான கட்டில்.

அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் பூங்கனி. அவருடைய வயதுதான் இருக்கும். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"இத ஆரும் தெறந்து பாக்கமாட்டாவ அண்ணாச்சி. வெளியே தட்டிப் பாத்தே நெல்லு எதுவரைக்கும் கெடக்குன்னு சொல்லிருவாவ."

"இப்ப உள்ள ஏதும் கெடக்கா?"

"நெறஞ்சிருக்கு" என்றாள் பூங்கனி.

அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. அப்புறம்தான் அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவர் வீட்டிலும் உப்பு தீர்ந்தால் உப்பு இல்லை என்று சொல்லமாட்டார்கள். உப்பு நிறைஞ்சு போச்சு என்றுதான் சொல்வார்கள். இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடுமாம். துபாயிலும் சார்ஜாவிலும் சைட் சைட்டாகக் கிடந்த வருஷங்களில் அந்தப் பேச்செல்லாம் வாயிலிருந்து போய்விட்டது.

உள்ளே இறங்கினார். ஒரு மூலையில் ஒரு பிடி பழைய நெல் குவித்து வைத்திருந்தது. மறந்துபோய்க் கிடந்த மாதிரி இல்லை, யாரோ வேண்டுமென்றே வைத்த மாதிரி இருந்தது. அதன்மேல் அந்துப்பூச்சி நூலாம்படை கட்டியிருந்தது. அதை வாரி வெளியே கோழிகளுக்கு எறிந்தார். பெருக்கினார். பெட்டிக்குள் நின்றுகொண்டே, முற்றத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த பிரபினுக்குக் கேட்கிற மாதிரி கூப்பாடு போட்டார்.

"காலி! மொத்தமும் காலி!"

அவ்வளவு பெரிய பெட்டிக்குள் நின்று கத்தினால் சத்தம் திரும்பி வந்து காதில் அடிக்க வேண்டும். வரவில்லை. எதிலோ போய்ப் புதைந்த மாதிரி அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழற்ற வேண்டிய பலகைகள் நிறைய இருந்தன.

ஷைஜா மஸ்கட்டில் நர்ஸ். கல்யாணமான மறுவருஷமே போனவள். அவள் லீவில் வரும்போது இவர் துபாயில் இருப்பார், இவர் ஊருக்கு வந்து நிலைத்த பிறகு அவளுக்கு லீவு கிடைக்காது. குழந்தையும் இல்லை. இப்போது வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வருகிறாள்.

"ஒனக்கு என்னெல்லாம் வேணும்னு சொல்லு, வாங்கிப் போடுதேன்" என்று போனில் கேட்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நைட் டியூட்டி பாத்து பாத்து ஒறக்கமே போச்சு. ஒங்க கையால ஒரு நல்ல கட்டில் செய்து போடுங்கோ. கெடந்தா எழும்பப்பிடாது."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் கேட்ட ஒரே ஒரு சாமான் அது. அதனால்தான் சத்தம் சரியில்லாத பலகைகளை அவரால் ஒதுக்க முடியவில்லை. அந்த அகலத்தில், அந்த நிறத்தில், வேறு மரம் கையில் இல்லை. வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று முற்றத்தில் நிறுத்தினார். பலகைகள் சுட்டன. தட்டினால் தொப். இடுப்பு உயரம் ஆகியிருந்தது. தலைமாட்டுக்கு அறுத்துத் துண்டு போட்ட பிறகும், துண்டிலும் ஒரு மட்டம் தெரிந்தது. அந்த மட்டமும் ஏறியது.

கட்டிலை வீட்டுக்கு ஏற்றுகிற அன்று பிரபின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"சவம், என்ன கனம்! அண்ணே, நெசமாச் சொல்லுங்கோ, உள்ள ஈயத்த உருக்கி ஊத்தியிருக்கியளா?"

"அயினிலே. பழைய அயினி."

"நான் தூக்காத அயினியா?"

பிரபின் உள்ளங்கைகளை மாற்றி மாற்றிச் சொறிந்துகொண்டே வண்டியில் ஏறினான்.

ஷைஜா ஏர்போர்ட்டிலிருந்து வந்தபோது களியக்காவிளையில் மழை பிடித்துக்கொண்டது. காரிலிருந்து இறங்கியவள் பெட்டிகளைக்கூடப் பார்க்காமல் நேராகப் படுக்கை அறைக்குப் போனாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தலைமாட்டுப் பலகையைத் தடவினாள். மெழுகு போட்டுத் தேய்த்திருந்த மரம் தேன் நிறத்தில் மின்னியது.

"கொள்ளாமே, நல்லாருக்கு" என்றாள். அவள் அதை மெதுவாகத்தான் சொன்னாள். ஞானசிங் பலகையைத் தட்டிக் காட்டினார், கீழிருந்து மேலே.

அவள் சிரித்தாள். "எங்க பெரிய டாக்டரும் இப்பிடித்தான். நோயாளிக்க முதுகுல கைய வச்சு, மேல ரெண்டு தட்டு தட்டுவாரு. உள்ள நீர் கெட்டியிருந்தா சத்தம் செத்துப்போவும். எதுவரைக்கும் கெட்டியிருக்குன்னு ஸ்கேன் எடுக்காமலே சொல்லிருவாரு."

"எதுவரைக்கும் வரலாம்?"

"என்னது?"

"நீரு."

"அது மேல வந்தா மூச்சு முட்டும். நீங்க என்ன வந்ததும் வராததுமா இதக் கேக்குதிய? போங்கோ, எனக்கு ஒறக்கம் வருது."

வந்த களைப்பு என்று நினைத்தார். அவள் விளக்கை அணைக்கும் முன்பே உறங்கிவிட்டாள். இரண்டு பேருக்கும் தனியாகக் கிடந்துதான் பழக்கம். முன்னறை பெஞ்சில் பாயை விரித்துக்கொண்டு, கதவு வழியாக வருகிற அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். சீராக வந்தது. இந்த வயதில் இதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அவள் காலை நேரம் கழித்து எழுந்தாள். பிறகு மத்தியானமும் உறங்கினாள். பிறகு காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் எழுவதுகூட நின்றது. மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கையால் விலக்கினாள்.

"வேண்டாம். வயறு நெறஞ்சிருக்கு."

"நேத்தும் தின்னல்லியே பிள்ளே."

"நெறஞ்சிருக்குன்னு சொன்னேம்லா."

அந்தச் சொல். பூங்கனி சொன்ன அதே சொல். எந்த அர்த்தத்தில் சொல்கிறாள் என்று கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் ஒரு மணம் வந்திருந்தது. முதலில் மழையில் நனைந்த வைக்கோல் மாதிரி, பிறகு அவித்த நெல் மாதிரி, பிறகு பூட்டிக் கிடந்த அறையில் தூசியும் உமியும் கலந்த சூடான பழைய மணம், துணியில் ஒட்டி, சோற்றில் ஒட்டி, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. விளக்கைச் சுற்றி சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன அந்துப்பூச்சிகள். சுவரில் கை வைத்தால் பொடியாக உதிர்ந்தன. அவருக்குக் கழுத்திலும் கைமுட்டியிலும் சுணைத்தது, களத்தில் நெல் தூற்றுகிறவர்களுக்குச் சுணைக்கிற மாதிரி. குளித்தாலும் போகவில்லை.

சத்தமும் வந்தது. சாயங்காலம் அவர் அடுப்படியில் நின்றபோது படுக்கை அறையிலிருந்து சர்ர்ர் என்று நீளமாகக் கேட்டது. மழை என்று நினைத்து, காயப்போட்ட துணியை எடுக்க ஓடினார். முற்றம் காய்ந்து கிடந்தது.

தலைமாட்டுப் பலகையைத் தட்டிப் பார்த்தார். மட்டம் தலையணைக்கு மேலே ஏறியிருந்தது. பலகையின் விளிம்புக்கு ஒரு சாண்தான் பாக்கி.

"ஷைஜா. எழும்பு. இந்தக் கட்டில நான் மாத்திப் போடுதேன்."

அவள் கண்ணைத் திறக்க நேரமாயிற்று. "ஒங்களுக்கு என்ன கிறுக்கா?"

"ஒனக்கு மணம் அடிக்கல்லியா?"

"அடிக்கு. நல்ல மணம்." கொட்டாவி விட்டாள். "இஞ்சேருங்கோ, எனக்க சீவியத்துல இப்பதான் ஒறங்குதேன். இத எடுத்தா நான் திரும்பி மஸ்கட்டுக்கே போயிருவேன்."

விளையாட்டுக்குச் சொன்னாளோ என்னவோ. கையிலிருந்த ஸ்பேனரை அவர் கீழே வைத்துவிட்டார். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் மறுபடியும் அவரும் மரப்பொடியும்தான்.

மறுநாள் அவளை எழுப்பாமல், கதவைச் சாத்திவிட்டு, பஸ் மாறித் தோவாளைக்குப் போனார். பூங்கனி வீட்டு வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். இடித்த வீடு இருந்த இடத்தில் இப்போது செம்மண் நிரப்பி, கல் நட்டிருந்தார்கள்.

"அந்தப் பலகையில நெல்லு மணம் அடிக்கு. போவ மாட்டேங்கு. அதான், எண்ண கிண்ண ஏதும் பூசினாவளான்னு கேக்க வந்தேன்."

"அதுல ஒரு பிடி நெல்லு கெடந்துதே, அத என்ன செஞ்சிய?"

"கோழிக்குப் போட்டேன்."

"செரி, போட்டாச்சு. பெறவு உள்ள நின்னு என்னமோ விளிச்சுச் சொன்னியளே. அறை வாசல்ல நின்ன எனக்குக் கேட்டு."

அவருக்கு அது ஞாபகம் வந்தது. "காலின்னு சொன்னேன்."

பூங்கனியின் கத்தி நின்றது.

"பட்டினி கெடந்த வருசத்துலயும் அந்த வீட்டுல அதுக்க முன்னால நின்னு அந்தச் சொல்ல ஆரும் சொன்னதில்ல."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்லுகதுதானே? நாம வேதக்காரங்க, இதெல்லாம் நம்பலாமா?"

"நானும் ஞாயித்துக்கெழமை தவறாம சர்ச்சுக்குப் போறவதான் அண்ணாச்சி. நம்பல்ல. ஆனா சொல்லல்ல. அவ்வளவுதான்." எழுந்து உள்ளே போனாள். பேப்பரில் ஒரு பிடி நெல்லைப் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தாள். "கொண்டு போட்டு, நெறஞ்சிருக்குன்னு ஒருக்க சொல்லிப் பாருங்கோ. கேக்குதோ என்னவோ." பிறகு குனிந்து கிழங்கை எடுத்தபடியே கேட்டாள். "மேல வரைக்கும் வந்துட்டா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்து பாதி வழி வந்த பிறகுதான், மட்டம் ஏறுவதைப் பற்றி அவளிடம் தான் ஒன்றுமே சொல்லவில்லை என்பது உறைத்தது. பேப்பர் பொதியை மடியில் இறுக்கிக்கொண்டார். ஜன்னல் ஷட்டரை இறக்கியும் மழை உள்ளே தெறித்தது. பஸ் ஊர்ந்தது. ரப்பர் தோட்டங்களுக்குள் வெளிச்சம் சீக்கிரமே வடிந்துகொண்டிருந்தது.

வீட்டில் கரண்ட் இல்லை.

"ஷைஜா?"

உறங்குகிறாள். அவள் உறங்குவதுதானே இந்த வீட்டின் வழக்கம் இப்போது. ஈரச் செருப்பை விட்டுவிட்டு, ஃபோன் லைட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வை கழுத்து வரைக்கும். பூச்சிகள் ஒன்றுகூட இல்லை. மணமும் இல்லை. அறை கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

கட்டிலின் காலடியில் குனிந்து பொதியைப் பிரித்தார். நெல்லைக் குவித்து வைத்தார். வெட்கமாக இருந்தது. பாஸ்டர் பார்த்தால் என்ன சொல்வார். இருந்தாலும் வாயைத் திறந்தார்.

"நெறஞ்சிருக்கு."

காத்திருந்தார். ஓட்டில் மழை மட்டும்.

எழுந்து தலைமாட்டுப் பலகையைத் தட்டினார். டங். கொஞ்சம் கீழே. டங். தலையணைக்குப் பக்கத்தில். டங். முட்டி போட்டு உட்கார்ந்து கடைசி வரைக்கும் தட்டிப் பார்த்தார். சட்டத்தில், காலில், குறுக்குப் பலகையில். எங்கே தட்டினாலும் தெளிவான, காய்ந்த, நல்ல அயினியின் சத்தம். ஒரு சொட்டு இல்லை. எல்லாம் போய்விட்டது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. ஒரு வார்த்தை. இதற்காகவா இத்தனை நாள். உடம்பில் இருந்த அலுப்பெல்லாம் ஒரேயடியாக இறங்கி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இன்றைக்கு இங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவள் பக்கத்தில். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு.

"ஏட்டி, எழும்பு. சாயா போடட்டா?"

முதுகில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்.

தொப்.

கை அப்படியே நின்றது.

மரத்தில் இல்லை. எல்லாம் போய்விட்டது. மரத்திலிருந்து.

எங்கே போனது?

விரல் முட்டியை மடக்கினார். மடக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் மடக்கினார். இடுப்புக்கு மேலே. தொப். விலாவில். தொப். இன்னும் மேலே. தோள்பட்டைகளுக்கு நடுவில். தொப். கழுத்துக்குக் கீழே.

தொப்.

"ஷைஜா."

அவள் திரும்பினாள். பாரமாக, மெதுவாக. பலகைகள் முனகின. அவள் திரும்பத் திரும்ப, போர்வைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. சர்ர்ர் என்று. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு.

மல்லாந்து கிடந்தாள். கண் மூடித்தான் இருந்தது. முகத்தில் களைப்பு இல்லை, கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை. நன்றாக உறங்கியவளின் முகம்.

உறக்கத்திலேயே கொட்டாவி விட்டாள். வாய் பெரிதாகத் திறந்தது. ஃபோன் வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது.

நாக்கு தெரியவில்லை. கீழ்ப்பல் வரிசைக்குச் சரியாக, யாரோ கையால் மட்டம் தட்டி வைத்த மாதிரி, நெல்.

வாய் மெல்ல மூடியது. மூடும்போது இடமில்லாமல் ஒரே ஒரு நெல் மட்டும் உதட்டோரம் வழிந்து, தலையணையில் விழுந்தது.